சாதனத்தைக் கழற்றும்போது கெர்னலுக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென் டிரைவைக் கணினியிலிருந்து உருவ ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத் தாங்குவதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எழுதப்பட்டிருக்கும் நிரல் கொஞ்சநஞ்சமல்ல. புதிய சாதனத்தைச் சேர்க்கும்போது கெர்னலுக்கு ஒரு நிம்மதி உண்டு: அதை இன்னும் யாரும் பயன்படுத்தத் தொடங்கவில்லை. விலக்கும்போதோ பல நிரல்கள் ஒரே நேரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். புதிதாக யாரும் நுழையாமல் தடுத்து, உள்ளே இருப்பவர்கள் முடித்துவிட்டு வரும்வரை பொறுத்து, அதன்பிறகே கணக்கை முடிக்க வேண்டும். இந்த வரிசை தவறும்போதுதான் கோப்பும் போகிறது, கணினியும் உறைகிறது.

முதலில் உள்ள கேள்விகள் கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் உரியவை. பின்னால் வருபவை டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல், எழுதப் பழகுகிறவர்களுக்கு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸிலிருந்து எடுக்கப்பட்டவை. தேவையான இடத்தில் விண்டோஸும் வருகிறது.

நகலெடுத்து முடிந்தது என்று திரையில் வந்துவிட்டது. அதன்பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

நகலெடுக்கும் நிரல் தன் வேலையை முடித்துவிட்டது என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். அது தரவைக் கெர்னலிடம் ஒப்படைத்திருக்கிறது. கெர்னல் அதை உடனே பென் டிரைவில் எழுதிவிடுவதில்லை; பேஜ் கேஷ் எனப்படும் நினைவகப் பகுதியில் வைத்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதைச் சேர்த்து ஒரே தடவையாக எழுதலாம், நிரலும் மெதுவான சாதனத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பது இதற்குக் காரணம். இப்படி எழுதப்படாமல் காத்திருக்கும் பக்கங்களை ‘டர்ட்டி பேஜ்’ என்கிறார்கள்.

லினக்ஸின் இயல்பான அமைப்பில், இதற்கென உள்ள பின்னணி வேலை 5 வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் பழையதான பக்கங்களை எழுதத் தொடங்குகிறது. காத்திருக்கும் பக்கங்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு முன்பே எழுதத் தொடங்கும். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அந்த 10 சதவீதம் ஒரு ஜிபிக்கும் மேல் வரும். ஆகவே, ஒரு முழு வீடியோ கோப்பு ‘நகலாகிவிட்டது’ என்ற செய்தியோடு நினைவகத்திலேயே கிடக்க வாய்ப்பு உண்டு. கெர்னல் தன் நிலையைக் காட்டும் ‘ப்ராக்’ கோப்பு முறைமையில் உள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்து ‘டர்ட்டி’, ‘ரைட்பேக்’ என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எத்தனை கிலோபைட் இன்னும் வழியில் இருக்கிறது என்பது அங்கே எழுதியிருக்கும். நகலெடுத்த கையோடு அந்த எண் மெல்ல இறங்குவதை ஒரு தடவை பார்த்தவர் அவசரப்பட்டுப் பிடுங்கமாட்டார்.

பேஜ் கேஷைத் தாண்டினாலும் ஒரு நிறுத்தம் பாக்கி இருக்கிறது. பல சாதனங்களுக்குள்ளேயே தனியாக ஒரு சிறு கேஷ் உண்டு. அதையும் நிரந்தர இடத்தில் எழுதிவிடு என்று கெர்னல் தனிக் கட்டளை அனுப்ப வேண்டும். அதற்குச் சாதனத்திடமிருந்து பதில் வந்த பிறகே தரவு கரை சேர்ந்தது என்று சொல்ல முடியும்.

விண்டோஸில் இப்போது எதையும் அழுத்தாமல் கழற்றலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே இணைக்கும் சேமிப்புச் சாதனங்களுக்கு ‘விரைவு நீக்கம்’ இயல்பான கொள்கை ஆனது. அந்தக் கொள்கையில் விண்டோஸ் எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைப்பதில்லை. வேகம் சற்றுக் குறையும், ஆனால் எழுதி முடிந்தது என்றால் முடிந்ததுதான். ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கழற்றினால் எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. வேகம் வேண்டும் என்று யாராவது அந்தச் சாதனத்துக்கு மட்டும் ‘சிறந்த செயல்திறன்’ என்ற மற்றக் கொள்கையைத் தேர்ந்தெடுத்திருந்தால், பழைய விதிதான். அது யார் கணினியில் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பதைவிட, வெளியேற்றும் பொத்தானை அழுத்துவது எளிது.

லினக்ஸில் ‘சிங்க்’ கட்டளை கொடுத்தால் போதாதா?

அந்தக் கணத்தில் தேங்கியிருந்ததை அது எழுதிவிடும். அடுத்த கணத்தில் வேறொரு நிரல் எழுதினால் அதை அது தடுக்காது. கோப்பு முறைமையும் திறந்த நிலையிலேயே இருக்கும். அன்மவுன்ட் செய்வது, அதாவது கோப்பு முறைமையைக் கணினியின் கோப்புறை மரத்திலிருந்து பிரித்து மூடுவது, புதிய வேலை வராமல் வாசலையும் அடைக்கிறது. ஆகவே அன்மவுன்ட்தான் வழி. தனியாக சிங்க் கொடுக்கத் தேவையில்லை, அன்மவுன்டே அதையும் செய்துவிடும்.

‘சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று மறுக்கிறது. எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டேனே?

கண்ணுக்குத் தெரியாத பிடிகள் பல உண்டு. ஒரு டெர்மினலில் நீங்கள் அந்தப் பென் டிரைவின் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருந்தால், எந்தக் கோப்பையும் திறக்காவிட்டாலும், அது ஒரு பிடி. படங்களின் சிறு உருவங்களைத் தயாரிக்கும் பின்னணி நிரல், கோப்புகளைத் தேடுவதற்காக அட்டவணை எழுதும் நிரல், வைரஸ் தேடும் நிரல் எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதிலுள்ள ஐஎஸ்ஓ கோப்பை மவுன்ட் செய்திருந்தால் அதுவும் ஒரு பிடி. லினக்ஸில் ‘எல்எஸ்ஓஎஃப்’, ‘ஃபியூசர்’ என்ற இரண்டு கட்டளைகள் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்மவுன்ட் கட்டளைக்கு ‘லேசி’ என்றொரு விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் மறுப்பு எதுவும் வராது. கோப்புறை உடனே காலியாகத் தெரியும். பலரும் இதைத் தீர்வு என்று பரிந்துரைக்கிறார்கள். அது கோப்பு முறைமையின் பெயரை மட்டும் மரத்திலிருந்து எடுக்கிறது. பிடித்திருக்கும் நிரல்கள் விடும்வரை கோப்பு முறைமை உள்ளே உயிரோடுதான் இருக்கும், எழுதிக்கொண்டும் இருக்கலாம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். காப்புப் பிரதி எடுக்கும் நிரல் பின்னணியில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. கோப்புறை காலியாகத் தெரிந்ததும் கம்பியை உருவிவிட்டேன். அந்தப் பிரதியின் கடைசிப் பகுதி முழுவதும் போயிற்று. மறுப்பு வந்தபோது யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கழற்றப்போகும் சாதனத்துக்கு லேசி அன்மவுன்ட் கொடுக்காதீர்கள்.

அன்மவுன்ட் செய்வதும் வெளியேற்றுவதும் ஒன்றா?

இல்லை. அன்மவுன்ட் கோப்பு முறைமையை மூடுகிறது. சாதனம் இன்னும் மின்சாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். வெளியேற்றும்போது, அல்லது ‘யூடிஸ்க்ஸ்’ கருவியின் மின் நிறுத்தக் கட்டளையைக் கொடுக்கும்போது, சாதனத்தின் கேஷ் காலியாக்கப்பட்டு, சுழல்வது நிறுத்தப்பட்டு, முடிந்தால் அந்தப் போர்ட்டின் மின்சாரமும் துண்டிக்கப்படுகிறது.

சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேறுபாடு முக்கியம். அதன் தலை தட்டின் மேற்பரப்பில் படாமல் மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. முறையாக நிறுத்தச் சொன்னால் தலை நிதானமாகத் தன் இடத்துக்குத் திரும்பும். மின்சாரம் திடீரென்று நின்றால், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஒரு ஜெனரேட்டராக மாறி, அந்த மின்சாரத்தில் தலை அவசரமாகப் பின்வாங்கும். அழகான ஏற்பாடு, ஆனால் அவசர காலத்துக்கானது, தேய்மானம் அதிகம். பல ஹார்ட் டிஸ்க்குகள் இப்படி எத்தனை தடவை நடந்தது என்று தங்கள் நிலையைத் தாங்களே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 192-ஆம் எண்ணில் கணக்கு வைத்திருக்கின்றன.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை அது உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் இதற்காகவே மின்தேக்கிகள் வைக்கிறார்கள்: மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை மின்சாரம் தரும். சாதாரணப் பென் டிரைவில் அந்த வசதி கிடையாது.

தெரியாமல் பிடுங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில், ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். மீண்டும் இணைத்து, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டுங்கள். எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, உண்டு. கோப்புறை அமைப்பு சிதையாமல் அது மீட்டுக்கொடுக்கும். கெர்னலின் நினைவகத்திலேயே இருந்துவிட்ட தரவை ஜர்னலால் மீட்க முடியாது. கடைசியாக நகலெடுத்தவற்றை மறுபடி நகலெடுக்க வேண்டும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல் இல்லை. அங்கே கோப்புறை அட்டவணையே பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கலாம்.

மீண்டும் இணைத்ததும் ‘எஸ்டிபி’ என்றிருந்த பெயர் ‘எஸ்டிசி’ ஆகியிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். சாதனம் போய்விட்டாலும் பழைய மவுன்ட் இன்னும் அதைப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விடப்படும்வரை பழைய பெயரைக் கெர்னல் வேறு யாருக்கும் தராது. பழைய மவுன்ட்டை அன்மவுன்ட் செய்துவிட்டுத் தொடருங்கள். இந்தச் சிறு குழப்பத்துக்குள்தான் டிரைவர் எழுதுகிறவர் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய செய்தி இருக்கிறது. கீழே வருகிறது.

யாரும் சொல்லாமல் பிடுங்கினால் கெர்னலுக்கு எப்படித் தெரியும்?

யூஎஸ்பியில், தரவுக் கம்பிகளின் மின்நிலை மாறுவதை, போர்ட்டுகளை நிர்வகிக்கும் ஹப் உணர்ந்து, போர்ட்டின் நிலை மாறிவிட்டது என்று தெரிவிக்கிறது. கெர்னலில் ஹப்பைக் கவனிக்கும் வேலை அதைப் படித்துப் பார்த்து, உரிய டிரைவரின் ‘டிஸ்கனெக்ட்’ செயல்கூறை (ஃபங்ஷனை) அழைக்கிறது. யூஎஸ்பி-ஏ இணைப்பானை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் உள்ள இரண்டு மின் தகடுகள் நடுவிலுள்ள தரவுத் தகடுகளைவிட நீளமாக இருப்பது தெரியும். செருகும்போது மின்சாரம் முதலில் வரவும், உருவும்போது கடைசியில் போகவும் இந்த ஏற்பாடு.

கவனிக்க வேண்டியது இடைவெளி. சாதனம் போன கணத்துக்கும் டிரைவருக்குச் செய்தி வரும் கணத்துக்கும் நடுவே நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் டிரைவர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் நெறிமுறைப் பிழையோடு திரும்பும். ‘பிழை வந்தால் மறுபடி அனுப்பு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால், டிஸ்கனெக்ட் வரும்வரை பதிவேடு முழுவதும் ஒரே பிழை நிரம்பும்.

கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் இது இன்னும் விபரீதம். அதை வெளியே கம்பி வழியாகத் தரும் தண்டர்போல்ட் வந்த பிறகு அத்தகைய சாதனங்களையும் மக்கள் கம்பியோடு உருவுகிறார்கள். இல்லாத சாதனத்தின் பதிவகத்தை (ரெஜிஸ்டரை) படித்தால், பெரும்பாலான கணினிகளில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக உள்ள எண் வரும். பிழை என்று எதுவும் சொல்லாது. ‘வேலையாக இருக்கிறேன்’ என்ற பிட் 0 ஆகும்வரை சுற்று என்று எழுதிய டிரைவர் முடிவில்லாமல் சுற்றும், கணினி உறையும். ‘தயார்’ என்ற பிட் 1 ஆகும்வரை காத்திரு என்று எழுதியதோ உடனே தாண்டிப் போய், இல்லாத சாதனத்தோடு பேசத் தொடங்கும். இரண்டுமே தவறு. ஒவ்வொரு காத்திருப்புக்கும் கால வரம்பு வையுங்கள். எல்லாம் 1 என்று வந்தால் சாதனம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரைவரின் நீக்கும் செயல்கூறில் எதை முதலில் செய்ய வேண்டும்?

வரிசைதான் எல்லாம். முதலில் வாசலை அடையுங்கள்: பயனர் நிரல்கள் நுழையும் வழியை, அதாவது எழுத்துச் சாதனமோ (கேரக்டர் டிவைஸ்) நெட்வொர்க் இடைமுகமோ எதைப் பதிவு செய்தீர்களோ அதை, பதிவிலிருந்து எடுங்கள். அடுத்து, சாதனம் இன்னும் இருந்தால், அது சிபியுவைக் கூப்பிடும் சைகைகளான இன்டரப்ட்டுகளையும் நேரடி நினைவக அணுகலையும் நிறுத்துங்கள். பிறகு ஓடிக்கொண்டிருப்பவை முடியக் காத்திருங்கள்: அனுப்பிய யூஎஸ்பி கோரிக்கைகளைக் கொன்று அவை திரும்பும்வரை, பின்னணி வேலை வரிசையான வொர்க்கியூவில் உள்ள வேலைகளை ரத்து செய்து அவை நிற்கும்வரை, டைமர்களை நீக்கி அவை ஓயும்வரை. வேலைக்கும் டைமருக்கும் உரிய செயல்கூறுகளின் பெயர்களில் ‘சிங்க்’ என்ற பின்னொட்டு இருக்கும். காத்திருந்து திரும்பும் வடிவம் அதுதான். நினைவகத்தை விடுவிப்பது கடைசி. தொடங்கும்போது செய்தவற்றைத் தலைகீழாகச் செய்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டைமர் ஒரு வேலையை வரிசையில் போடுகிறது, அந்த வேலை முடிவில் டைமரை மறுபடி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டைமரை முதலில் நீக்கினால் வேலை அதை மீண்டும் எழுப்பும். வேலையை முதலில் ரத்து செய்தால் டைமர் மீண்டும் போடும். எந்த வரிசையிலும் ஓட்டை. இதற்காகவே லினக்ஸின் 6.2 பதிப்பில் டைமரை நிரந்தரமாக மூடும் ஒரு செயல்கூறு வந்தது. அதன்பிறகு யார் வைத்தாலும் அந்த டைமர் கிளம்பாது.

இன்னொரு கண்ணி, பெற்ற வளங்களைத் தானாக விடுவிக்கும் ‘டெவ்எம்’ செயல்கூறுகளின் குடும்பம். வசதியானது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் பெற்ற வளங்கள் உங்கள் நீக்கும் செயல்கூறு முடிந்த பிறகே விடுவிக்கப்படும். இன்டரப்ட்டை டெவ்எம் வழியாகப் பெற்றுவிட்டு, அது வரும்போது ஓடும் கையாளி தொடும் இடையகத்தை (பஃபரை) நீங்களே கையால் விடுவித்தால், கையாளி இன்னும் உயிரோடு இருக்கும்போது இடையகம் போய்விடும். பகிர்ந்த இன்டரப்ட் வரியில் பக்கத்துச் சாதனம் கூட உங்கள் கையாளியை ஓடவைக்கும். ஆகவே இரண்டையும் டெவ்எம்மில் வையுங்கள், இல்லையென்றால் இரண்டையும் கையால் செய்யுங்கள்.

சாதனம் போய்விட்டது, ஆனால் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கிறது. அப்போது?

மேலே சொன்ன பெரிய செய்தி இதுதான்: சாதனத்தின் ஆயுள் வேறு, அதற்காக நினைவகத்தில் வைத்திருக்கும் கட்டமைப்பின் ஆயுள் வேறு. சாதனம் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதைக் கெர்னலால் தடுக்க முடியாது. கட்டமைப்பையோ கடைசிப் பிடி விடப்படும்வரை வைத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு கட்டமைப்பிலும் பிடிகளின் எண்ணிக்கை வைக்கப்படுகிறது. கோப்பைத் திறக்கும்போது ஒன்று கூடுகிறது, மூடும்போது ஒன்று குறைகிறது, பூஜ்யமானால் ‘ரிலீஸ்’ செயல்கூறு ஓடி நினைவகத்தை விடுவிக்கிறது. நீக்கும் செயல்கூறு தன் ஒரு பிடியை மட்டும் விட வேண்டும். அங்கேயே நேரடியாக விடுவித்தால், அந்த நிரல் பிறகு கோப்பை மூடும்போது, வேறொருவர் கைக்குப் போய்விட்ட நினைவகத்தைத் தொடும். இது கணினியை உறைய வைப்பதோடு நிற்பதில்லை. பாதுகாப்புத் துளையாகவும் ஆகிறது.

தன் கட்டமைப்பை டெவ்எம்மில் பெற்று, அதையே திறந்த கோப்புக்கும் கொடுத்திருக்கும் டிரைவர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். டிரைவர் பிரிந்ததும் அந்த நினைவகம் போய்விடும், கோப்பு திறந்திருந்தாலும். நிரல்களோடு பகிரும் கட்டமைப்புக்கு டெவ்எம் கூடாது. ரிலீஸ் செயல்கூறே இல்லாமல் விட்டால் கெர்னல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை வாயடைக்க வெற்றுச் செயல்கூறு எழுதுவது நோயை விட்டு வலியை மட்டும் மறைப்பது.

சரி, கட்டமைப்பு இருக்கிறது, சாதனம் இல்லை. அந்த நிரல் படிக்கக் கேட்டால் ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்ற பிழையைத் திருப்புங்கள். ‘போய்விட்டது’ என்று ஒரு கொடியை வைத்து அதைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். பூட்டு இல்லாமல் பார்த்தால், பார்த்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவே சாதனம் போகலாம். கொடியைப் பார்ப்பதும் சாதனத்தைத் தொடுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். வரைகலை டிரைவர்களுக்கு லினக்ஸில் நுழைவு, வெளியேற்றம் என்ற ஜோடிச் செயல்கூறுகள் உள்ளன. சாதனம் விலக்கப்படும்போது உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் வெளியேறும்வரை கெர்னல் காத்திருக்கும். விண்டோஸில் ‘ரிமூவ் லாக்’ இதே வேலையைச் செய்கிறது.

டிரைவர் ‘இப்போது கழற்றாதே’ என்று மறுக்க முடியுமா?

விண்டோஸில் ஓரளவு முடியும். முறைப்படி கேட்டால், முதலில் ‘விலக்கலாமா’ என்ற வினவல் போகிறது. இந்த அறிவிப்புக்காகப் பதிவு செய்திருக்கும் நிரல்களுக்கும் தங்கள் கோப்புகளை மூட வாய்ப்புக் கிடைக்கிறது. ஒருவர் மறுத்தாலும் விலக்கல் ரத்தாகும். கேட்காமல் பிடுங்கினால் வினவல் கிடையாது: ‘எதிர்பாராத விலக்கல்’ என்ற செய்தி வரும், திறந்திருக்கும் கைப்பிடிகள் எல்லாம் மூடப்பட்ட பிறகே இறுதி விலக்கல் செய்தி வரும்.

லினக்ஸில் மறுக்க இடமில்லை. யூஎஸ்பி, பிசிஐ போன்ற இணைப்பு வழியான பஸ்ஸின் நீக்கும் செயல்கூறு முன்பு ஒரு மதிப்பைத் திருப்பியது, ஆனால் கெர்னல் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. சில டிரைவர்கள் பிழை மதிப்பைத் திருப்பிவிட்டு, சுத்தம் செய்யாமலே பாதியில் வெளியேறின, வளங்கள் கசிந்தன. 2021-இல் வந்த 5.15 பதிப்பில் அந்தச் செயல்கூறு எதையும் திருப்பாததாக மாற்றப்பட்டது. சரியான முடிவு என்று நினைக்கிறேன். கையில் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டக் கூடாது.

சிபியு, நினைவகத்தைக் கூட ஓடும்போதே விலக்க முடியுமா?

சிபியு கோரை விலக்குவது எளிது: சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் ‘சிஸ்எஃப்எஸ்’-இல் அதன் ‘ஆன்லைன்’ கோப்பில் 0 எழுதினால், கெர்னல் அதிலுள்ள வேலைகளையும் இன்டரப்ட்டுகளையும் வேறு கோருக்கு மாற்றிவிடும். நினைவகம் கடினம். பயனர் நிரல்களின் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தலாம். கெர்னல் தனக்கென எடுத்த பக்கங்களில் பலவற்றை நகர்த்த முடியாது. அப்படி ஒரு பக்கம் இருந்தாலும் அந்தத் தொகுதி விலகாது. அதனால் பின்னால் விலக்கவிருக்கும் நினைவகத்தை நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறார்கள்.

கம்பியை ஆயிரம் தடவை உருவாமல் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

சிஸ்எஃப்எஸ்-இல் பெரும்பாலான டிரைவர்களுக்கு ‘அன்பைண்ட்’, ‘பைண்ட்’ என்ற கோப்புகள் உண்டு. பிசிஐ சாதனங்களுக்கு ‘ரிமூவ்’ கோப்பும், மீண்டும் தேட ‘ரீஸ்கேன்’ கோப்பும் இருக்கின்றன. ஒரு சிறு நிரல் சாதனத்தைத் திறந்து படித்துக்கொண்டே இருக்கட்டும். மறுபுறம் ஒரு ஸ்கிரிப்ட் டிரைவரைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கட்டும். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் ‘கேசான்’, பூட்டு வரிசையைக் கவனிக்கும் ‘லாக்டெப்’ இரண்டையும் இயக்கிக் கெர்னலைக் கட்டுங்கள். ரிலீஸைத் தாமதப்படுத்தும் பிழைதேடல் விருப்பம் ஒன்றும், ஒவ்வொரு டிரைவரையும் தொடங்கி, நீக்கி, மறுபடி தொடங்கிப் பார்க்கும் விருப்பம் ஒன்றும் கெர்னலிலேயே இருக்கின்றன. இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பதிவேட்டைப் படியுங்கள்.

இந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்பைண்ட் செய்யும்போது சாதனம் இன்னும் இருக்கிறது. பதிவகங்கள் சரியான பதிலையே தரும். எல்லாப் பிட்டும் 1 என்று வரும் நிலை இதில் வராது. அதற்கு, சாதனம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது கம்பியை நிஜமாகவே சில தடவை உருவிப் பார்க்க வேண்டும், முக்கியமான தரவு எதுவும் இல்லாத சாதனத்தில்.